ஏணையில் அறுந்த விலங்கு: நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்



நம் மட்டக்களப்பு வாவிக் கரையூர்களில் ஒருவரை நீர் எந்தக் குடி என்று கேட்டால், அவர் தம் தாயின் குடியைத்தான் சொல்வார். தகப்பன் எந்தக் குடியில் பிறந்தவராயினும், பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்ததே. எழுவானிலும் படுவானிலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் வழக்கம் இது. பழைய முக்குவர் சட்டத்தில் சொத்தும் பெண்வழியாகவே இறங்கியது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மிடையே பலருண்டு.

ஆயினும் தாயைக் கொண்டே பிள்ளையை அளக்கும் இதே கணக்கு, ஒரு காலத்தில் உலகெங்கும் மிகக் கொடிய காரியம் ஒன்றுக்குத் துணைபோயிற்று. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் சுதந்திர மனிதனாயினும், ஏன், அந்த வீட்டின் எசமானே தகப்பனாயினும், அதனால் பிள்ளைக்குப் பயனில்லை. பழைய உரோமரின் சட்டம் இது. அதை ஒல்லாந்தர் கையாண்டனர். அவர்களுடைய கப்பல்களோடு இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கடலுக்கப்பால் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலே 1662-ஆம் ஆண்டு இதையே சட்டமாக எழுதிவைத்தனர். ஐந்தாண்டு கழித்து, 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று இன்னொரு சட்டமும் செய்தனர். ஞானஸ்நானத் தொட்டியில் தலை நனைந்த பிள்ளையும் விலைப்பொருளாகவே வீடு திரும்பிற்று.

இந்தக் கொடிய சங்கிலியை நம் இலங்கைத் தீவிலே பிறந்த குழந்தையின் ஏணையருகில் வைத்து அறுக்க முனைந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் முழுமையான காரியமன்று. இரண்டையும் சொல்வதே முறை.

ஜோன்ஸ்டன் 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் ஸ்கொட்லாந்து நாட்டில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கும்பனியின் உத்தியோகத்தர், பணியிடம் மதுரை. தாயார் எஸ்தர் அம்மையார் பேர்பெற்ற நேப்பியர் குடும்பத்தவர். லோகரிதம் என்னும் கணித முறையைக் கண்டுபிடித்த ஜோன் நேப்பியரின் வழிவந்தவர் அவர். தம் முன்னோரைப் பற்றிய ஆராய்ச்சிக்காக மதுரைப் பிராமணப் பண்டிதர்களிடம் இந்தியக் கணிதத்தைப் பற்றிக் கேட்டறியும் அளவுக்குக் கல்வியார்வம் உடையவர். சிறுவன் அலெக்சாண்டரும் 1781-இல் இந்தியா வந்து மதுரையிலேயே வளர்ந்தான். தஞ்சையில் புகழ்பெற்றிருந்த லுத்தரன் சபைக் குரு சுவார்ட்ஸ் அவனுக்கு ஆசிரியராயிருந்தார். தமிழையும் தெலுங்கையும் இந்துஸ்தானியையும் அவன் அந்த மக்களிடமிருந்தே கற்றான். பின்னாளில் இலங்கையில் நீதிபதியாக அமர்ந்தபோது, தமிழன் ஒருவன் முறையிடுவதைத் தம் காதாலேயே கேட்டு விளங்கிக்கொள்ளும் வல்லமை அவருக்கு இப்படித்தான் வந்தது.

1792-இல் ஐரோப்பா திரும்பியவர், யேர்மன் தேசத்துக் கோட்டிங்கன் நகரிற் கல்வி பயின்றார். இலண்டனில் சட்டம் படித்து 1800-இல் வழக்கறிஞரானார். இதற்கிடையே 1799-ஆம் ஆண்டு லூயிசா கேம்பல் என்னும் சீமாட்டியை மணந்தார். இந்த அம்மையாரின் பிறந்த வீட்டுக் கதை நம்மை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறது. சற்றுப் பொறுமையோடு கூட வாருங்கள்.

லூயிசாவின் தகப்பனார் வில்லியம் கேம்பல் பிரபு. தென் கரோலினா என்னும் குடியேற்ற நாட்டுக்கு இங்கிலாந்து அரசர் அனுப்பிய கடைசித் தேசாதிபதி அவரே. தாயார் சாரா, அந்நாட்டின் பெரும் செல்வந்தரான இசார்ட் குடும்பத்துப் பெண். அங்கே செல்வம் என்றால் நெல்வயலும் அவுரித் தோட்டமும். அவற்றில் உழைத்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். 1775 யூன் மாதம் கேம்பல் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கியபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அரசருக்கு எதிராகச் சுதந்திரக் கொடி பிடித்த குடியேற்றவாசிகள், தங்கள் அடிமைகளை இங்கிலாந்து ஆயுதம் கொடுத்து எழுப்பிவிடுமோ என்று அஞ்சிக் கிடந்தனர்.

அந்த அச்சத்துக்குப் பலியானவர் தோமஸ் ஜெரமையா. அவர் கறுப்பினத்தவர், ஆனால் அடிமையல்லர். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி. மீன்பிடித் தொழிலும் செய்தார். உழைப்பால் செல்வம் சேர்த்தவர். அவரிடமும் அடிமைகள் இருந்தனர் என்பது அக்காலத்தின் அவலம். அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினர். சுதந்திர மனிதனாயிருந்தும், அடிமைகளை விசாரிக்கும் மன்றத்திலேயே அவரை நிறுத்தினர். அவரைப் போன்றவர் ஒருவரும் தீர்ப்பளிக்க அங்கே அமரவில்லை. 1775 ஆகஸ்ட் 18-ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டு உடலையும் எரித்தனர்.

தேசாதிபதி கேம்பல் அந்த மனிதரைக் காப்பாற்ற முயன்றார், இயலவில்லை. மன்னிப்பு வழங்கினால் தேசாதிபதியின் வாசலிலேயே தூக்குமரம் நாட்டுவதாகச் சிலர் மிரட்டினர். இவற்றையெல்லாம் அவர் இலண்டனிலிருந்த அமைச்சர் டார்ட்மத் பிரபுவுக்குக் கடிதங்களில் எழுதினார். அக்கடிதங்கள் இன்றும் உள்ளன. வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். அடுத்த மாதமே கேம்பல் ஊரைவிட்டுத் தப்பிப் போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தார். 1776 யூனில் சார்ள்ஸ்டன் துறைமுக வாயிலில் நடந்த கடற்போரிற் காயமுற்று, அதன் விளைவாக 1778-இல் மாண்டார். போர் நடந்த அடுத்த வாரமே, யூலை 4-ஆம் நாள், மனிதரெல்லாம் சமமாய்ப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கத் தலைவர்கள் உலகுக்கு அறிவித்தனர். அந்தப் பத்திரத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சனின் தோட்டத்திலோ நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர்.

வாசகர்களே, இந்தக் கதையைக் கேட்டு அமெரிக்கரை மட்டும் இகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நம் தீவின் கதை என்ன?

ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையிலும் அடிமைகள் இருந்தனர். கடல்கடந்து யாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது பசிக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்று, கப்பலேறி இங்கு வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் உண்டு. கொழும்பில் நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடம் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்றே அழைக்கப்பட்டது. கும்பனியின் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் அது. யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டத்தை 1707-இல் எழுத்தில் பதித்தபோது, அடிமைகளை உடைமையாக வைத்திருப்பதற்கான விதிகளும் அதில் இடம்பெற்றன. நம் மட்டக்களப்பிலும் சிறைக்குடி என்னும் பழஞ்சொல் உண்டு. பெரிய குடிகளுக்குப் பரம்பரையாக ஊழியம் செய்யக் கட்டுப்பட்டிருந்தவர்களைக் குறித்த சொல் அது.

1795-இல் புளியந்தீவுக் கோட்டையும், 1796-இல் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. கொடி மாறிற்றேயன்றி அடிமையின் நிலை மாறவில்லை. ஒல்லாந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் அப்படியே விட்டுவைத்தனர். அச்சட்டப்படி அடிமை ஒரு சொத்து. இந்தச் சூழ்நிலையிலேதான் 1802-ஆம் ஆண்டளவில் அரசாங்கத்தின் சட்ட அதிகாரியாக ஜோன்ஸ்டன் மனைவியோடு இலங்கை வந்தார்.

கத்தோலிக்க மக்களாகிய நாம் அந்த ஆண்டுகளை மறக்கலாகாது. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658-இல் கட்டளை பிறந்திருந்தது. நம் முன்னோரின் திருமணங்களுக்கும் உத்தியோகங்களுக்கும் பல தடைகள் இருந்தன. தேசாதிபதி மெயிட்லண்ட் 1806-ஆம் ஆண்டு பிறப்பித்த ஒழுங்குவிதி இத்தடைகளை நீக்கிற்று. இங்கிலாந்திலேயே கத்தோலிக்கருக்கு 1829-இல்தான் கிடைத்த விடுதலை, நமக்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்தது. சட்டத்தின் ஒரு வரி மனிதரின் தலைமீதிருந்து எவ்வளவு பாரத்தை இறக்க முடியும் என்பதை நம் மூதாதையர் அனுபவித்து அறிந்தனர்.

ஜோன்ஸ்டன் 1809-இல் இங்கிலாந்து சென்று, இலங்கையின் நீதிமுறையைச் சீர்திருத்தும் யோசனைகளை அமைச்சர்களிடம் வைத்தார். 1811-இல் புதிய சாசனத்தோடும் பிரதம நீதியரசர் பதவியோடும் திரும்பினார். அந்தச் சாசனத்தின் சிறப்பு ஜூரி முறை. குற்றஞ்சாட்டப்பட்ட சுதேசி ஒருவரைப் பதின்மூன்று ஜூரிமார் விசாரிப்பர். அவர்கள் அவருடைய இனத்தையும் சமூகத்தையும் சேர்ந்தவர்களாயிருக்க அவர் உரிமை கோரலாம். சார்ள்ஸ்டன் நகரில் தோமஸ் ஜெரமையாவுக்குக் கிடைக்காத அதே உரிமை, அவர் மாண்ட முப்பத்தாறாம் ஆண்டில், அவரைக் காக்க முயன்று தோற்றவரின் மருமகன் கையால் இலங்கை மக்களுக்குக் கிடைத்தது.

ஜூரிப் பட்டியலில் பெயர் இருப்பது பெரும் கௌரவமாகிற்று. பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் இடம்பெற்றனர். அவர்களிற் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இங்கேதான் ஜோன்ஸ்டனின் மதிநுட்பத்தைக் காண்கிறோம். ஒரு மனிதனின் உயிரையும் விடுதலையையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவன், இன்னொரு மனிதனின் விடுதலையைத் தன் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது பொருந்துமா என்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் விதைத்தார். ஆணையிடவில்லை, அச்சுறுத்தவில்லை. எழுதினார், பேசினார், ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார்.

1816-ஆம் ஆண்டில் அந்த விதை முளைத்தது. அடிமைகளை வைத்திருந்த ஜூரிமார் தாமாகவே ஒரு தீர்மானத்துக்கு வந்து, அதை எழுதிக் கையொப்பமிட்டு நீதியரசருக்கு அனுப்பினர். கொழும்பில் தொடங்கி மற்ற இடங்களிலும் இது பரவிற்று. 1816 ஆகஸ்ட் 12-ஆம் நாளும் அதற்குப் பின்னும் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் சுதந்திரர் என்பதே தீர்மானம். அந்த நாள் இளவரசரின் பிறந்தநாள். பிள்ளைகள் பதினான்கு வயதுவரை எசமானின் வீட்டில் உணவும் உடையும் பெற்று இருப்பர். பின்னர் தம் வழியே போகலாம்.

இதை அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பென்சில்வேனியா மாநிலம் 1780-இல் இதுபோன்ற சட்டம் ஒன்றைச் செய்திருந்தது. ஆனால் அங்கே பிள்ளை இருபத்தெட்டு வயதுவரை எசமானுக்கு உழைக்க வேண்டும். தென் மாநிலங்களோ அதைக்கூடச் செய்ய மறுத்தன. முடிவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த பிறகே அந்நாட்டில் அடிமைத்தனம் ஒழிந்தது. நம் தீவில் அந்த முதற்படி, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், காகிதத்தின் மேல் மையால் நடந்தேறியது.

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்துவிடலாகாது. இந்தத் தீர்மானத்தை ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள்.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். மடியில் ஆகஸ்ட் மாதக் கடைசியிற் பிறந்த மகள். மகள் சுதந்திரப் பிரசை. மகன் அடிமை, அவளும் அடிமை. இருவருக்கும் பால் கொடுத்தவள் ஒருத்தியே. ஏணை கட்டிய வளையும் ஒன்றே. இருவருக்குமிடையே ஒரு தேதி குறுக்கே நிற்கிறது. மகள் பதினான்கு வயதில், 1830-இல், வாசலைத் தாண்டிப் போகலாம்; தாய் போக முடியாது. தன் பிள்ளையின் விடுதலையை அடிமையாயிருந்தபடியே வாசலில் நின்று பார்ப்பது அவளுக்கு மகிழ்ச்சியா துயரமா? தாய்மாராகிய நீங்களே சொல்லுங்கள்.

இத்தீர்மானம் எசமானர் சம்மதத்தைச் சார்ந்து நின்றதால் எல்லோரையும் எட்டவுமில்லை. குறிப்பாக யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் என்று பிரித்து அடிமை கொள்ளப்பட்ட ஏழை மக்களின் நிலை எளிதில் மாறவில்லை. 1818-இல் அடிமைகளைப் பதிவு செய்யும் விதி வந்தது. 1821-இல் அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே விலை கொடுத்து விடுவிக்கும் ஏற்பாடு வந்தது. அன்றைய நாணயமான இறைசால் இரண்டு அல்லது மூன்று, ஒரு பெண் குழந்தையின் விலை. ஏன் பெண் குழந்தை? விடை உங்களுக்குத் தெரியும்: அடிமைத்தனம் தாய்வழியே இறங்குவது, மகள் விடுதலையானால் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் விடுதலை. பழைய கணக்கை அதன் தலையிலேயே திருப்பி அடித்தனர்.

1833-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்தபோது இலங்கை அதிலிருந்து விலக்கப்பட்டது. 1844-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டமே இங்கு அதை முற்றாக நீக்கிற்று. நாம் நினைத்துப் பார்த்த அந்தத் தாய்க்கு 1816-இல் இருபத்தைந்து வயதென்றால், அவளுடைய சொந்த விடுதலை வந்து சேரும்போது ஐம்பத்துமூன்று வயது. அதுவரை அவள் உயிரோடிருந்தால்!

நம்மவரும் இதில் குற்றமற்றவரல்லர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து நம் மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைத் துறவிகளை மூத்த வாசகர்கள் நன்றியோடு நினைப்பீர்கள். புனித மிக்கேல் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்காக அவர்கள் உழைத்த உழைப்பு பெரிது. ஆனால் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன், 1838-இல், அதே சபையின் மேரிலண்ட் துறவிகள் தங்கள் தோட்டங்களிலிருந்த 272 அடிமைகளை லூசியானாவிலுள்ள தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். கல்லூரி ஒன்றின் கடனை அடைக்கவும் அந்தப் பணம் பயன்பட்டது. விற்கப்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர், குடும்பங்கள் பிரிந்தன. மறு ஆண்டே பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் இயேசு சபையினர் 2017-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். விற்பனைப் பத்திரங்களும் பெயர்ப் பட்டியல்களும் பாதுகாக்கப்பட்டிருந்தபடியால்தான் அந்த உண்மை வெளிவந்தது. எழுதப்பட்ட காகிதம் நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும், திருத்தவும் செய்யும்.

பின்னர் ஜோன்ஸ்டன் இலங்கையை விட்டுச் சென்றார். 1823-இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். இந்தியாவையும் இலங்கையையும் பற்றிய சுவடிகளையும் பத்திரங்களையும் பேணுவதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். கோமறை மன்றத்தின் நீதிக்குழுவிலும் பணிபுரிந்தார். 1849 மார்ச் 6-ஆம் நாள் இலண்டனில் காலமானார். இலங்கையில் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்த செய்தி 1844-இல் அவர் காதுக்கு எட்டும்போது வயது அறுபத்தொன்பது. தாம் அறுத்தது ஒரு கண்ணியை மட்டுமே என்பதும், மற்றக் கண்ணிகள் கழல இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

முழுதும் கிடைக்கும்வரை பாதியை ஏற்கலாகாது என்பாரும் உளர். பாதியாவது கிடைத்ததே என்று ஆறுதல் கொள்வாரும் உளர். பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாதி முழு வாழ்வு. தாய்க்கு அது எதுவுமில்லை. ஜோன்ஸ்டனின் வாழ்க்கையை மதிக்கும்போது இந்த இருவரையும் ஒருசேர நினைக்க வேண்டும்.

அன்பான குடும்பத் தலைவர்களே, தலைவிகளே! அடிமைச் சட்டம் போய் 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் ஏழைக் கிராமத்துப் பிள்ளையை வீட்டு வேலைக்கென்று பட்டணத்துக்கு அழைத்துவரும் பழக்கம் நம் நாட்டில் நேற்றுவரை இருந்தது. வேலைக்கு வைக்கக்கூடிய வயது 2021-இல்தான் சட்டப்படி பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. நம் படுவான்கரைத் தாய்மார் பலர் பிறர் வீட்டுக் குசினியில் உழைக்கப் பாலைவன நாடுகளுக்குப் போகின்றனர்; கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில், பிள்ளை அம்மம்மாவின் மடியில். அந்தத் தாய் திரும்பி வரும்போது தன் கூலியோடும் தன் மானத்தோடும் வருகிறாளா என்று விசாரிப்பது அயலவராகிய நம் கடமை. உங்கள் வீட்டில் உங்களுக்காக உழைப்பவர் ஒருவர் இருந்தால், இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவருக்கு என்ன கூலி, என்ன ஓய்வு, என்ன படிப்புக் கொடுத்தோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அக்காலத்து ஜூரிமார் கையொப்பமிட்டதுபோல, நாமும் வெட்கமின்றிக் கீழே கையொப்பமிடக் கூடியதாக அது இருக்கட்டும்.